கைக்கெட்டாத போல்ட்டுகளும் டார்க் ரெஞ்சும்

திருப்பதி அடிவாரத்திலிருந்து திருமலைக்குச் செல்லும் மோட்டார் சாலை 1944-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1974-இல் இரண்டாவது சாலை அமைந்தபின், வண்டிகள் புதிய சாலையில் ஏறிப் பழைய சாலையில் இறங்குகின்றன. சித்தூரிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர் ஓடிவந்த டீசல் வண்டியொன்று உடனே மலையேறத் தொடங்கினால், அதன் எஞ்சின் சுமார் 700 மீட்டர் உயரத்தைத் தாழ்ந்த கியரில் கடக்க வேண்டும். ஏறுகையில் எஞ்சின் கடுமையாகச் சூடேறுகிறது, இறங்குகையில் குளிர்கிறது. இவ்வாறு மாறி மாறி விரிந்து சுருங்கும் உறுப்புகளைப் பிணைத்து நிறுத்துபவை போல்ட்டுகளே. ஆதலின் அவற்றைச் சரியான அளவில் முடுக்குதல் பயணிகளின் பாதுகாப்பைச் சார்ந்த காரியமாகும்.

முடுக்கப்பட்ட போல்ட் இழுபட்ட வில்சுருளைப் போன்றது. அது சிறிதளவு நீண்டு, மீண்டும் சுருங்க முயல்வதால் இரு உறுப்புகளையும் இறுகப் பிடிக்கிறது. பிடிப்புக் குறைந்தால் சிலிண்டர் தலையின் கீழுள்ள கேஸ்கட் வழியே வாயு கசியும். குளிர்விக்கும் நீர் எண்ணெயில் கலக்கவும் கூடும். பிடிப்பு மிகுந்தால் போல்ட் நிலையாக நீண்டு வலுவிழக்கும். அலுமினிய உறுப்பாயின் மரை பிய்ந்துவிடும்.

இந்தப் பிடிப்பைப் பணிமனையில் நேரே அளப்பது கடினம். எனவே முறுக்கு விசையை அளந்து, அதனின்று பிடிப்பை உத்தேசிக்கிறோம். கையின் விசையை, போல்ட்டின் மையத்திலிருந்து கைப்பிடி வரையுள்ள தூரத்தால் பெருக்கினால் வருவது முறுக்கு விசை. பழைய கையேடுகளில் இது கிலோகிராம்-மீட்டரில் இருக்கும். 1 கிலோகிராம்-மீட்டர் என்பது ஏறத்தாழ 9.81 நியூட்டன்-மீட்டர்.

முறுக்கு விசையில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே செலவாகிறது. ஆகவே மரையின் நிலை மிகவும் முக்கியம். 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள உலர்ந்த போல்ட்டை 90 நியூட்டன்-மீட்டர் அளவில் முடுக்கினால், தோராயக் கணக்குப்படி 37,500 நியூட்டன் பிடிப்பு உண்டாகும். அதே மரையில் எண்ணெய் தடவியிருந்தால் பிடிப்பு 50,000 நியூட்டனை எட்டலாம். மரையைத் துடைத்து, எண்ணெய் இடுவதா கூடாதா என்பதில் கையேட்டின் விதியையே பின்பற்ற வேண்டும்.

இனி, எளிதில் எட்டாத போல்ட்டுகளைக் கருதுவோம். குழாய்களுக்குப் பின்னும் புகைபோக்கிக் கிளைகளின் அடியிலும் உள்ள போல்ட்டுகளில் சாக்கெட் நேரே பொருந்தாது. அங்கே ரெஞ்சின் முனையில் குரோஃபுட் எனப்படும் திறந்தவாய்த் தலையைப் பொருத்துவர். இத்தலை ரெஞ்சின் நீளத்தைக் கூட்டிவிடுவதால், ரெஞ்சு காட்டும் அளவைவிட மிகுதியான முறுக்கு விசை போல்ட்டைச் சேரும்.

இதற்குத் திருத்தம் எளிது. கைப்பிடியின் நடுவிலிருந்து ரெஞ்சின் சதுரமுனை மையம் வரையுள்ள நீளம் 400 மில்லிமீட்டர். அம்மையத்திலிருந்து போல்ட்டின் மையம் வரை 50 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். தேவை 90 நியூட்டன்-மீட்டர். 90-ஐ 400-ஆல் பெருக்கி 450-ஆல் வகுத்தால் 80 கிடைக்கிறது. ரெஞ்சை 80-இல் அமைக்க வேண்டும். திருத்தாமல் 90-இலேயே அமைத்தால் போல்ட்டைச் சேர்வது 101 நியூட்டன்-மீட்டருக்கும் மேற்படும். அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரைப் பங்கு மிகை. இத்தலையை ரெஞ்சுக்குச் செங்கோணமாகத் திருப்பிப் பொருத்த இடமிருந்தால் திருத்தம் வேண்டுவதில்லை. கணக்கிட்ட அளவு பொய்யாகாதிருக்க, கையைக் கைப்பிடியின் நடுவிலேயே வைக்க வேண்டும்.

ஆழத்திலுள்ள போல்ட்டுக்கு நேரான நீட்டுத்தண்டு உதவும். அது போல்ட்டின் அச்சிலேயே நிற்பதால் அளவை மாற்றாது. ஆனால் தண்டு சாயாதபடி மற்றொரு கையால் ரெஞ்சின் தலையைத் தாங்கி, மெதுவாகவும் சீராகவும் இழுத்தல் வேண்டும். யூனிவர்சல் ஜாயிண்ட் வளைந்து நிற்குங்கால் அளவு பிறழும். வளைவு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நன்று.

சிலிண்டர் தலை போல்ட்டுகளைப் பொதுவாக நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கி, இரண்டு மூன்று படிகளில் முடுக்குவர். பல புதிய எஞ்சின்களில் குறித்த முறுக்கு விசைக்குப் பின் 90 பாகை போன்றதொரு கோணம் திருப்ப வேண்டும். ‘கிளிக்’ ஒலி கேட்டதும் நிறுத்துக. மறுமுறை இழுத்தால் அளவு மீறும். முடித்த போல்ட்டில் வர்ணக் குறியிட்டால், எட்டாத மூலையில் ஒன்றும் விடுபடாது.

டார்க் ரெஞ்சைக் கொண்டு போல்ட்டைக் கழற்றலாகாது. வேலை முடிந்ததும் அதன் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பிவைக்க வேண்டும். ஐஎஸ்ஓ 6789 என்னும் பன்னாட்டு விதி, 10 நியூட்டன்-மீட்டருக்கு மேற்பட்ட கிளிக் ரெஞ்சுகளுக்கு நூற்றுக்கு நான்கு வரை பிழையை அனுமதிக்கிறது. ஆண்டுக்கொருமுறையேனும் அல்லது 5,000 முறை பயன்படுத்திய பின்னரேனும் அளவுச் சோதனை தேவை. நாட்டின் அளவைத் தரங்களைப் பேணுவது, 1950-இல் புதுதில்லியில் திறக்கப்பட்ட தேசிய பௌதிக ஆய்வுக்கூடமாகும்.

ஆசிரியர்கள் இத்தத்துவத்தை வகுப்பறைக் கதவைக் கொண்டே விளக்கலாம். கீலின் அருகே தள்ளினால் கதவு அசைவது கடினம். விளிம்பில் தள்ளினால் எளிது. தூரம் கூடின் முறுக்கு விசை கூடும் என்பதை இவ்வாறு உணரும் மாணவன், பிற்காலத்தில் பணிமனையில் 80-க்கும் 90-க்கும் உள்ள வேற்றுமையை அலட்சியம் செய்யமாட்டான்.