அனுப்புமுன் ஒரு பிரதி

2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்ததை அருகிலுள்ள மாடம்பாக்கத்தில் வசிப்போர் எளிதில் மறக்கமாட்டார்கள். அத்தகைய தினமொன்றில் மழைமானியின் கணக்கு மாநகராட்சிக்கும், ஏரிக்கரையைக் கண்காணிப்போருக்கும் ஒரே சமயத்தில் போய்ச் சேரவேண்டுமென்று வைத்துக்கொள்வோம். கணினிகளுக்கிடையே இவ்விதம் செய்தி கொண்டுசெல்வதற்கென்றே 2007-இல் தொடங்கப்பெற்று, பீட்டர் ஹின்ட்ஜென்ஸ், மார்ட்டின் சுஸ்ட்ரிக் முதலியோரின் உழைப்பால் வளர்ந்த நிரல் நூலகம் ஜீரோஎம்க்யூ.

புதிதாய்ப் பழகுவோரைத் திகைக்கவைக்கும் விதியொன்று அதில் உண்டு. அனுப்பும் கட்டளை வெற்றியுடன் முடிந்த கணமே, நம் கையிலிருந்த செய்தி வெறுமையாகிவிடுகிறது. அதையே மறுபடி இன்னொருவருக்கு அனுப்பினால், எவ்விதப் பிழை அறிவிப்புமின்றி, பூஜ்ய பைட் நீளமுள்ள வெற்றுச் செய்திதான் புறப்பட்டுச் செல்லும். மாநகராட்சிக்கு மழையளவு கிடைக்கும். ஏரிக்கரையில் காத்திருப்பவருக்கோ ஒன்றும் கிடைக்காது. எனினும் இவ்விதி நியாயமானதென்றே நான் கருதுகிறேன். ஒப்படைத்த செய்தியை நூலகம் பின்னணியில் தன் சௌகரியப்படி அனுப்புகையில், நாமும் அதில் கை வைப்பது விபரீதத்துக்கே இடங்கொடுக்கும்.

அன்றியும், கட்டளை வெற்றி பெற்றதென்றால் செய்தி வரிசையில் சேர்ந்தது என்றுதான் அர்த்தமே தவிர, உரியவரை அடைந்துவிட்டதென்று அர்த்தமல்ல. ஒலிபரப்பைப்போல் பலருக்கும் அனுப்பும் முறையில், மெதுவாக வாங்கும் ஒருவருக்கான வரிசை அதன் எல்லையை எட்டிவிட்டால் (வழக்கமான எல்லை 1000 செய்திகள்), அதற்குமேல் அவருக்கு வருபவை சத்தமின்றிக் கைவிடப்படும். ஆகவே, பதில் வராவிடில் மறுபடி அனுப்ப உத்தேசிப்பவர், முதல் தடவை அனுப்புவதற்கு முன்பே பிரதி எடுத்துக்கொள்வது அவசியம். மறுமுறை வருவது பழைய செய்தியே என்று பெறுபவர் அறியும்பொருட்டு, ஒவ்வொன்றிலும் தொடர் எண்ணும் இருக்கவேண்டும். இல்லையேல் பெய்யாத மழையும் கணக்கில் ஏறும்.

பிரதி என்றதும் நினைவகம் வீணாகுமோ என்று அஞ்சவேண்டியதில்லை. ஏறத்தாழ 30 பைட்டுக்குட்பட்ட சிறு செய்தியை நூலகம் அப்படியே பெயர்த்தெழுதிவிடும். ரேடார் படம் போன்ற பெரிய செய்தியானால், உள்ளடக்கத்தை ஒன்றாகவே வைத்துக்கொண்டு, அதற்கு எத்தனை உரிமையாளர் என்ற எண்ணிக்கையை மட்டும் உயர்த்தும். அனுப்பியவையும், அனுப்பாமல் முறைப்படி மூடப்பட்டவையுமாக எல்லாப் பிரதிகளும் விலகி எண்ணிக்கை பூஜ்யமானபின் இடம் விடுவிக்கப்படும். இந்தச் சிக்கனத்தில் ஓர் அபாயமும் உண்டு: பிரதி எடுத்தபின் படத்தின் ஒரு மூலையைத் திருத்தினால், வரிசையில் இன்னும் காத்திருக்கும் பிரதிகளிலும் அத்திருத்தம் புகுந்துவிடும். திருத்தம் தேவையானால் புதிய செய்தியாகவே எழுதி, புதிய எண்ணிட்டு அனுப்புவதே முறை.