செவிலியரின் சிறப்புத் திறன் வீணாகலாமா?

எடை குறைவாகப் பிறந்த என் பேத்திக்காக, அரசு மருத்துவமனை ஒன்றின் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே எட்டு நாள்கள் காத்திருந்தேன். ஓர் இரவு அவளது மூச்சு தடுமாறியதைக் கருவி ஒலிக்கும் முன்பே கண்டுகொண்டார் ஒரு செவிலியர். அவர் ஒப்பந்தப் பணியாளர் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

சிதம்பரத்தில் 1985-இல் தொடங்கப்பட்ட ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2021-இல் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியானது. அதையும் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையையும் நம்பியே எளிய மக்கள் தீவிர சிகிச்சைக்கு வருகின்றனர்.

அரசுச் செவிலியர்களை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்ந்தெடுக்கிறது. 2015-ஆம் ஆண்டுத் தேர்வில் வென்றோர் ரூ.7,700 தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். இரண்டு ஆண்டுகளில் காலமுறை ஊதியம் என்ற உறுதி, பலருக்கு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது.

மற்றொரு சிக்கலும் உண்டு. தீவிர சிகிச்சை, பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு, மனநலம் ஆகியவற்றுக்கு இந்திய செவிலியர் குழுமம் ஓராண்டுப் பட்டயப் படிப்புகளை வகுத்துள்ளது. ஆனால், பணித் தேர்வோ 'செவிலியர்' என்ற பொதுப் பதவிக்கு நடைபெறுகிறது. பணிநிரந்தரம் காலியிடம் உள்ள ஊரில்தான் கிடைக்கும். எனவே, நிரந்தரம் பெறுபவர் பழகிய பிரிவை விட்டுப் பொதுப் பிரிவுக்குச் செல்ல நேரிடுகிறது. அவரது இடத்துக்கு வருபவர் தொடக்கத்திலிருந்து கற்க வேண்டியிருக்கிறது.

சிறப்புப் பிரிவுகளுக்கெனத் தனி நிரந்தரப் பணியிடங்கள் உருவாக்கப்பட வேண்டும். அங்கு அனுபவம் பெற்ற ஒப்பந்தச் செவிலியருக்கு அவற்றில் முன்னுரிமையும், அரசுச் செலவில் பட்டயப் படிப்பும் தர வேண்டும். கருவிகளை ஒரே நாளில் வாங்கிவிடலாம். கருவிக்கு முன்பே ஆபத்தை உணரும் கண்களை அப்படி வாங்கிவிட முடியாது.