பிள்ளைக்கு ஏன் இவ்வளவு தாகம்?

சித்திரை, வைகாசி மாதங்களில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அடிக்கடி தண்ணீர் கேட்பது புதினமல்ல. வெயிலில் ஓடி விளையாடிவிட்டு வந்து ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கும் பிள்ளையைப் பார்த்து எந்தத் தாயும் பயப்படுவதில்லை. பயப்படத் தேவையும் இல்லை. ஆனால் வெயில் தணிந்த பின்பும், நள்ளிரவில் எழுந்தும் பிள்ளை தண்ணீர் கேட்டால்? “எல்லாம் வெக்கைக்குத்தான்” என்று கொக்குவிலில் எங்கள் அயலில் உள்ளவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அது சரிதான். சரியில்லாத வேளையில், அந்தச் சொல்லை நம்பிக் காத்திருப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டையும் வேறுபடுத்தி அறிவது எப்படி என்பதை, உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவியாக இங்கே விளக்க விரும்புகிறேன்.

நமது மூளையில் பரிவகக்கீழ் என்ற பகுதி உண்டு. குருதியில் நீர் சிறிது குறைந்தாலும் அது அறிந்துகொள்ளும். உடனே இரண்டு வேலைகள் நடக்கும். ஒன்று, தாகம் எடுக்கும். மற்றது, கபச்சுரப்பியிலிருந்து ஓர் ஓமோன் சுரந்து, சிறுநீரகங்கள் நீரை வீணாக வெளியேற்றாமல் மீண்டும் குருதிக்கே உறிஞ்சிக்கொள்ளும். அதனால் சலம் குறைவாகவும் கடும் மஞ்சளாகவும் போகும். இதிலிருந்து பெற்றோருக்கு ஒரு நல்ல வழி கிடைக்கிறது. பிள்ளை எவ்வளவு குடிக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. எவ்வளவு சலம் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

தாகம் அதிகமாகி, சலம் குறைவாகப் போனால் காரணம் பொதுவாக உடலில் நீர் குறைந்ததே. வெயில், காய்ச்சல், வயிற்றோட்டம், வாந்தி ஆகியவை இதில் அடங்கும். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி கரைத்துக் கொடுப்பது நாம் அறிந்ததே. மிக்சர், கருவாடு போன்ற உப்புப் பண்டங்களும் தாகத்தைக் கூட்டும். குடாநாட்டில் சுண்ணக்கல்லுக்குள் உவர் நீரின் மேல் நன்னீர் ஒரு படையாகவே மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு சவராகும். சவர்த் தண்ணீர் தாகத்தைத் தீர்க்காது. இன்னும் சில பிள்ளைகள் இனிப்புப் பானங்களைப் பழக்கத்தால் கேட்டுக் குடிப்பார்கள். வெறும் தண்ணீரைக் கொடுத்ததும் ஆசை குறைந்தால் அது தாகமல்ல, பழக்கம்.

தாகமும் அதிகம், சலமும் அதிகம் என்றால் கவனம் தேவை. அப்போது முதலில் நினைக்க வேண்டிய நோய் சலரோகம். “சின்னப் பிள்ளைக்குச் சலரோகமா?” என்று பலர் வியப்பார்கள். முதியவர்களுக்கு வருவது பெரும்பாலும் இரண்டாம் வகை. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வருவது முதலாம் வகை. இதில் உடலின் நோயெதிர்ப்புத் தொகுதியே சதையியில் இன்சுலினைச் சுரக்கும் பீற்றாக் கலங்களை அழித்துவிடுகிறது. பிள்ளை சீனி அதிகம் சாப்பிட்டதாலோ தாய் கவனிக்காததாலோ இது வருவதில்லை.

இன்சுலின் இல்லாவிட்டால் குளுக்கோசு கலங்களுக்குள் போக முடியாமல் குருதியில் தேங்கும். ஏறத்தாழ 180 மில்லிகிராமுக்கு மேல் போனால் சிறுநீரகத்தால் அதை முழுவதும் தடுத்துவைக்க இயலாது. சலத்தோடு சீனி போகும். சீனி நீரையும் இழுத்துக்கொண்டு போகும். இழந்த நீரை ஈடுசெய்யவே பிள்ளை குடிக்கிறது. ஆகவே இங்கே தாகம் நோயல்ல, நோயின் குரல். படுக்கையில் சலம் போவதை நிறுத்தியிருந்த பிள்ளை மறுபடி போகத் தொடங்கும். நன்றாகச் சாப்பிட்டும் மெலியும். விளையாட மனமில்லாமல் சோர்ந்து கிடக்கும். தாகம், சலம், மெலிவு, சோர்வு என்ற நான்கையும் நினைவில் வைத்தால் போதும்.

இதைக் கவனிக்காமல் விட்டால் உடல் கொழுப்பை எரித்து, குருதியில் அமிலம் சேரும். வயிற்று நோ, வாந்தி, ஆழமான வேகமான மூச்சு, வாயில் பழ வாசனை, மயக்கம் என்று நிலைமை சில நாட்களிலேயே, சிலருக்குச் சில மணி நேரத்திலேயே மோசமாகும். வயிற்றுக் கோளாறு என்றோ முட்டு என்றோ தவறாக எண்ணுவதும் உண்டு.

நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த நோய் வந்த பிள்ளை பிழைப்பதில்லை. 1922 ஜனவரி 11 அன்று ரொறன்ரோவில் 14 வயதான லெனார்ட் தொம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. முதல் மருந்து போதிய அளவு தூய்மையாக இருக்கவில்லை. அதைத் தூய்மையாக்கி 23ஆம் திகதி மீண்டும் ஏற்றியதும் சிறுவன் தேறினான். மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். மறு ஆண்டே பான்டிங்குக்கும் மக்லியொட்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று மருந்து இருக்கிறது. இழப்பது நேரத்தைத்தான். இத்தாலியின் பார்மா மாவட்டத்தில் 1991 முதல் பாடசாலைகளிலும் வைத்தியர்களின் அறைகளிலும் ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். பிள்ளை அதிகம் குடிக்கிறதா, மறுபடி படுக்கையை நனைக்கிறதா என்று கேட்கும் சுவரொட்டி அது. அதன் பிறகு அங்கே அமிலம் சேர்ந்த ஆபத்தான நிலையில் கண்டுபிடிக்கப்படும் பிள்ளைகளின் தொகை பெருமளவு குறைந்தது. சில சொற்களைத் தாய்மார் அறிந்திருந்ததே அந்த வெற்றி.

சலரோகம் இல்லாமலும் அதிக தாகமும் அதிக சலமும் வரலாம். மேலே சொன்ன ஓமோன் குறைந்தாலோ, சிறுநீரகம் அதற்கு இணங்காவிட்டாலோ, தெளிந்த தண்ணீர் போலச் சலம் போய்க்கொண்டே இருக்கும். வேறு சில சிறுநீரக நோய்களும் சில மருந்துகளும் காரணமாகலாம். எதுவென்று வீட்டிலிருந்து தீர்மானிக்க முடியாது.

எனவே செய்ய வேண்டியது இலகுவானது. அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கு அன்றே கொண்டுபோங்கள். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம், ஒரு நிமிடத்துக்குள் விடை. வாந்தியும் வேக மூச்சும் இருந்தால் காத்திருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். காரணம் தெரியும் வரை தண்ணீரைத் தடுக்காதீர்கள். இனிப்புப் பானமும் கொடுக்காதீர்கள். நோன்பு காலத்தில் ஆசைக்கு நோன்பு பிடிக்கும் சிறு பிள்ளையிடம் இந்த அறிகுறிகள் தெரிந்தால் “மஃரிப் வரைக்கும் பொறு” என்று சொல்லாதீர்கள். சிறு பிள்ளைக்கு நோன்பு கடமையல்ல. முதலாம் வகைச் சலரோகத்துக்குக் கைமருந்து இன்சுலினுக்கு ஈடாகாது.

கடைசியாக ஒன்று. பெண் பிள்ளைக்கு நோய் என்றால் நாளைக்குக் கலியாணம் பேசும்போது கஷ்டம் என்று மறைக்கும் வீடுகளும் இருக்கின்றன. மறைத்தால், வகுப்பில் அவள் மயங்கி விழும்போது என்ன செய்வதென்று ஆசிரியருக்கும் தெரியாது, தோழிக்கும் தெரியாது. ஊசி போட்டுக்கொண்டே படித்து, வேலை செய்து, தாயாகவும் வாழலாம். அடிக்கடி வெளியே போகக் கேட்கும் பிள்ளையை வகுப்பிலோ மத்ரஸாவிலோ ஏசுவதற்கு முன், “உனக்குத் தாகமும் கூடவா?” என்று ஒரு கேள்வி கேட்போம். அந்தக் கேள்விக்குச் செலவு எதுவும் இல்லை.