பதுங்குகுழியில் கற்ற பாடம்: பல்கலைக்கழக மாணவரும் மன அச்சுகளும்

இப்படி ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். ஒருநாள் இரவு அறைத்தோழி விடுதிக்குத் திரும்ப அரை மணித்தியாலம் பிந்துகிறாள். தொலைபேசிக்கும் பதில் இல்லை. மற்றவர்கள் "பஸ் பிந்தியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். இவளுக்கு நெஞ்சு படபடக்கிறது, கைகள் குளிர்கின்றன. தோழி வந்து சேர்ந்த பிறகும் நித்திரை வரவில்லை. காலையில் விரிவுரைக்குப் போகாததற்குக் காரணம் கேட்டால், "தலையிடி" என்கிறாள்.

2009 மே மாதம் இவளுக்கு ஐந்து வயது. முள்ளிவாய்க்காலில் இருந்து தாயுடன் வந்து, வவுனியா மெனிக்பாம் முகாமில் இருந்தவள். "அப்பா வந்திடுவார்" என்று சொன்னார்கள். அப்பா வரவேயில்லை. போனவர் திரும்பமாட்டார் என்ற பாடத்தை அவளது மனம் அன்றே கற்றுக்கொண்டது.

இவ்வாறு சிறுவயதில் பதிந்து, பிற்காலத்தில் எமக்கே தீங்காகும் நம்பிக்கைகளை 'ஸ்கீமா' என்று அழைத்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜெப்ரி யங். அதை மன அச்சு என்று சொல்லலாம். பாதுகாப்பு, அன்பு, உணர்வை வெளிப்படுத்தும் சுதந்திரம் போன்ற அடிப்படைத் தேவைகள் கிடைக்காதபோது, பிள்ளை தன்னைப் பற்றியும் உலகைப் பற்றியும் ஒரு விதியை உருவாக்கிக்கொள்கிறது. பின்னர் நடப்பவை எல்லாம் அந்த அச்சிலேயே வார்க்கப்படுகின்றன. யங் இவ்வாறான 18 அச்சுகளை ஐந்து பிரிவுகளாக வகுத்தார். இவை போரால் மட்டும் உருவாவதில்லை. அடி, குடி, ஓயாத ஒப்பீடு உள்ள எந்த வீட்டிலும் உருவாகலாம்.

சிலவற்றை எம்மவர் உடனே அடையாளம் காண்பர். 'நான் நேசிப்பவர்கள் என்னை விட்டுப் போய்விடுவார்கள்' என்பது ஒன்று. 'எந்த நேரமும் ஆபத்து வரும்' என்பது இன்னொன்று. மூன்றாவது, 'உணர்ச்சியைக் காட்டக்கூடாது'. பதுங்குகுழிக்குள் "அழாதே, சத்தம் போடாதே" என்று அம்மா சொன்னது அன்று உயிரைக் காப்பதற்காக. 'எவ்வளவு செய்தாலும் போதாது' என்பது நான்காவது. இழந்த அண்ணனுக்கும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று வளர்ந்த பிள்ளையிடம் இதைக் காணலாம்.

இந்த அச்சுகளுக்கு மனிதர் மூன்று விதமாக முகங்கொடுக்கிறார்கள். ஒருவர் அதற்குப் பணிந்து, தன்னை மதிக்காத உறவிலேயே கிடப்பார். இன்னொருவர் எவருடனும் நெருங்காமல், தொலைபேசிக்குள்ளோ மதுவுக்குள்ளோ ஒளிந்துகொள்வார். மூன்றாமவர் எதிர்த்திசையில் ஓடி, எல்லாவற்றையும் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கப் பார்ப்பார்.

பல்கலைக்கழகம் இந்த அச்சுகளை அழுத்தும் இடம். முதன்முறையாக வீட்டை விட்டுத் தங்குவது, பகிடிவதை, காதல் முறிவு, பரீட்சை எல்லாம் ஒன்றாக வருகின்றன. பல நாடுகளில் மாணவரிடையே நடந்த ஆய்வுகள், இவ்வகை நம்பிக்கைகள் வலுவாக உள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதகளிப்பும் கூடுதலாக இருப்பதைக் காட்டியுள்ளன. எங்கள் பிள்ளைகளிடம் அவை பெரும்பாலும் தலையிடி, நெஞ்சுநோ, நித்திரையின்மை, படிப்பில் மனம் பதியாமை என்றே வெளிப்படும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்துக்கு இன்னும் நீதியான பதில் இல்லை. அப்படியான மண்ணில் ஒரு மாணவியிடம் "நீ பிழையாக யோசிக்கிறாய்" என்று சொல்வது அநியாயம். அப்பா வரவில்லை என்பது உண்மை. 'ஆகவே எல்லோரும் போய்விடுவார்கள்' என்பது அந்த உண்மையில் இருந்து ஐந்து வயது மனம் எடுத்த முடிவு. முதலாவதை மதித்துக்கொண்டு இரண்டாவதைக் கேள்வி கேட்பதே சிகிச்சையின் வேலை.

அதை நாமே சிறிதளவு தொடங்கலாம். மனம் பதறிய நாளில் ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள்: என்ன நடந்தது? மனம் என்ன சொன்னது? வேறு காரணம் இருக்கலாமா? இந்தப் பயத்தை முதலில் எந்த வயதில் உணர்ந்தேன்? பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். "நாங்கள் பட்டதை விடவா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியோடு பிள்ளை கதைப்பதை நிறுத்திவிடும்.

சோர்வு, நித்திரையின்மை, எதிலும் நாட்டமின்மை என்பன இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் பல்கலைக்கழக மாணவ ஆலோசகரையோ வைத்தியசாலையின் உளநலப் பிரிவையோ நாடுங்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். தேசிய உளநல உதவி இலக்கமான 1926 எந்நேரமும் இயங்குகிறது.

அந்தப் பாடத்தைக் கற்றது பிள்ளையின் பிழையல்ல. அன்று அது தேவைப்பட்டது. இன்று தோழி பிந்தி வரும் இரவுகளில், "பஸ் பிந்தியிருக்கும்" என்று அவளும் நம்பி நித்திரை கொள்ள வேண்டும். அதற்குக் காலம் எடுக்கும். ஆனால் அது முடியும்.