ஏர் ரைபிள் வாங்கப் போறீங்களா? 'பவர்' கேட்காதீங்க, பேரலைக் கேளுங்க!

'ஏர் ரைபிளுக்கு லைசென்ஸே வேணாம், ஆன்லைன்லயே வாங்கலாம்' என்று யாராவது சொல்லி நீங்களும் கேட்டிருப்பீர்கள். உடனே யூடியூப் போனால், அமெரிக்கக் காட்டில் ஒருத்தர் முயல் சுட்டுக்கொண்டே எந்த பேரல் பெஸ்ட் என்று பாடம் எடுப்பார். அதைப் பார்த்துவிட்டு வேளச்சேரியில் உட்கார்ந்து துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு நடக்கலாம். ஒன்று, காசு வீண். இன்னொன்று, கேஸ்.

காரணம் சிம்பிள். அவர்களுக்கு ஒரே துப்பாக்கி இரண்டு வேலை செய்யணும்: தாளில் குறி பார்த்துச் சுடணும், சின்ன விலங்கையும் வேட்டையாடணும். நம் ஊரில் இரண்டாவது வேலைக்கே இடமில்லை. அதை எடுத்துவிட்டால், பேரல் பற்றி அவர்கள் சொல்வதில் பாதி நமக்குப் பொருந்தாது.

முயல் சுட்டா என்ன ஆகும்?

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஏர் கன், நாட்டுத் துப்பாக்கி என்று வித்தியாசம் பார்ப்பதில்லை. காட்டு முயல், கௌதாரி, கொக்கு எதைச் சுட்டாலும் வேட்டைதான். இந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்கான விளக்கத்தைப் பலர் படித்திருக்க மாட்டார்கள். கொல்வது மட்டுமில்லை, காயப்படுத்துவதும், பிடிப்பதும், அதற்கு முயற்சி செய்வதும் வேட்டைக்குள் அடக்கம். ஆக, 'சுட்டேன், ஆனா படலை சார்' என்பது தப்பிக்கும் வழி கிடையாது. 2022 திருத்தத்துக்குப் பிறகு பொதுவான தண்டனை 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் என்றாலோ, தேசியப் பூங்காவுக்குள் சுட்டாலோ 3 முதல் 7 ஆண்டு. துப்பாக்கியும், போன பைக்கும்கூட பறிமுதலாகலாம்.

வேளச்சேரிக்காரர்களுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. வடக்கே கிண்டி தேசியப் பூங்கா, தெற்கே 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்பு நிலம். இரண்டுக்கும் நடுவில்தான் நம் அபார்ட்மென்ட்கள் நிற்கின்றன. பால்கனியில் வந்து உட்காரும் கொக்கு அங்கிருந்து வந்ததாக இருக்கும். பறவைக்காகத் துப்பாக்கியோடு மோதுவது இந்தப் பக்கத்துக்குப் புதுசும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே, பிரிட்டிஷ் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று வேடந்தாங்கல் மக்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் முறையிட்டு, பாதுகாப்புக்கு எழுத்தில் உத்தரவு வாங்கினார்கள்.

லைசென்ஸ் வேணாம்... ஆனா எதுக்கு?

2016 ஆயுத விதிகள் விலக்கு கொடுப்பது இரண்டு நிபந்தனையும் சேர்ந்து பொருந்தும் ஏர் ரைபிளுக்குத்தான். ஒன்று, குழல் விட்டம் 0.177 அங்குலத்தை, அதாவது 4.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டு, வாயை விட்டு வெளியேறும்போது குண்டின் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டக் கூடாது. 0.22 அங்குல ஏர் ரைபிள் என்றால் அப்போதே விலக்கு முடிந்தது.

விளம்பரத்தில் '1,000 எஃப்பிஎஸ்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் அங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் போதும்: ஆற்றல் என்பது எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குவது. வினாடிக்கு 1,000 அடி என்றால் சுமார் 305 மீட்டர். போட்டிகளில் வழக்கமாகப் பயன்படும் 0.53 கிராம் பெல்லட் அந்த வேகத்தில் போனால் 24 ஜூலுக்கும் மேல் வருகிறது, வரம்பு தாண்டிவிட்டது. அதே வேகத்தை 0.4 கிராம் லேசான பெல்லட்டில் அளந்தால் 18.6 ஜூல்தான். எந்தப் பெல்லட்டில் அளந்தார்கள் என்று கடைக்காரரைக் கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் அந்த மாடலை விட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று. ஒலிம்பிக் 10 மீட்டர் ரைபிளில் பெல்லட் போவது வினாடிக்குச் சுமார் 175 மீட்டர் வேகத்தில்தான். ஆற்றல் 8 ஜூல் அளவு. உலகிலேயே துல்லியமான ஏர் ரைபிள்கள், விளம்பரத்தில் வரும் 'பவர்' ரைபிளைவிட பாதிக்கும் குறைந்த பலத்தில் சுடுகின்றன!

துல்லியம்னா எவ்வளவு துல்லியம்?

10 மீட்டர் ரைபிள் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். அதைத் துளைக்கும் பெல்லட் 4.5 மில்லிமீட்டர். பத்துக்குள்ளும் தசம மதிப்பெண் உண்டு, உச்சம் 10.9. 2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ரமிதா ஜிண்டால் 60 ஷாட்டில் 631.5 எடுத்து இறுதிச் சுற்றுக்குப் போனார். கடலூரில் பிறந்த நம் இளவேனில் வாலறிவன் எடுத்தது 630.7, பத்தாவது இடம், இறுதிச் சுற்று இல்லை. இடைவெளி 0.8. இந்த இலக்கில் 0.1 புள்ளி என்பது கால் மில்லிமீட்டர். கணக்குப் போட்டால், ஒரு ஷாட்டுக்கு சராசரியாக 0.03 மில்லிமீட்டர் சொச்சம். ஒரு ஏ4 தாளின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதற்குப் பேரல்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. அந்த அளவுக்குப் போட்டி போகும்போது பேரல் ஷாட்டுக்கு ஷாட் ஒரே மாதிரி நடந்துகொண்டே ஆகணும் என்பதுதான் விஷயம்.

அந்த 'ஒரே மாதிரி' எங்கிருந்து வருகிறது? குழலின் உள்சுவரில் திருகாணி மறை மாதிரி சுருள் வரிகள் ஓடும். ரைஃப்ளிங் என்பது இதுதான். ரைபிள் என்ற பெயரே இதிலிருந்து வந்தது. பெல்லட்டின் மெல்லிய ஈயம் இந்த வரியில் கவ்விச் சுழன்றுகொண்டே வெளியே வரும், பம்பரம் மாதிரி. சுழற்சி இருந்தால்தான் தள்ளாடாது. 0.177 பேரல்களில் சுமார் 45 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று என்பது பரவலான அளவு. (புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் டிராப் போட்டியில் பயன்படுத்தும் ஷாட்கன் குழலுக்குள் இந்த வரியே கிடையாது. அங்கே ஒரு குண்டு இல்லை, சிதறிப் போகும் ரவைகள்.)

நல்ல ஏர் ரைபிள் பேரல்கள் பலவற்றில் வாய்ப் பக்கம் தலைமுடி அளவுக்கு ஒடுங்கியிருக்கும். இதை 'சோக்' என்பார்கள். பெல்லட்டுக்குப் பெல்லட் இருக்கும் சின்ன வித்தியாசத்தை இந்த ஒடுக்கம் கடைசி நொடியில் சமன் செய்துவிடும்.

நீளமா? குட்டையா?

இதில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். நீளமான பேரல் என்றால் நேராகப் போகும் என்று ஒரு நம்பிக்கை. ஸ்பிரிங் வகை ஏர் ரைபிளில் பிஸ்டன் ஒரே ஒரு உந்து உந்தும். குழலின் முதல் எட்டு, பத்து அங்குலத்திலேயே பெல்லட் தன் வேகத்தில் பெரும்பகுதியை எடுத்துவிடும். மீதி நீளம், மடக்கி லோடு செய்யும்போது கைக்கு நெம்புகோல். முன்கூட்டியே காற்று அடைத்த பிசிபி வகையில் மட்டும் நீளம் கூடினால் பலம் கூடும். அது வேட்டைக்காரர் கணக்கு, தாளுக்குத் தேவையில்லை.

அப்போ ஒலிம்பிக் ரைபிள்கள் நீளமாகத் தெரிகிறதே? பாதி கண்கட்டு வித்தை. உள்ளே நிஜக் குழல் சுமார் 42 சென்டிமீட்டர்; அதற்கு மேல் ஒரு வெற்றுக் குழாய். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் தூரம் கூடினால் குறிபார்ப்பதில் பிழை குறையும், அதற்காக. இதற்கும் சர்வதேச விதி உச்சவரம்பு வைத்திருக்கிறது: மொத்த அமைப்பு 85 சென்டிமீட்டர், துப்பாக்கி எடை 5.5 கிலோ.

எடையிலும் இதே முரண்தான். வேட்டைக்காரர் நாள் முழுக்கத் தூக்கி நடப்பதால் மெல்லிய பேரல் தேடுவார். நின்ற இடத்தில் சுடுபவருக்கு முன்பக்கம் கொஞ்சம் கனமாக இருப்பதே வசதி. கை நடுக்கம் இலக்கில் அவ்வளவாகத் தெரியாது.

கடையில் என்ன பார்க்கணும்?

ஆரம்ப விலை ரைபிள்களில் பெரும்பாலானவை பேரலை மடக்கி லோடு செய்யும் வகை. மடக்கி மூடியபின் பேரலைப் பிடித்துப் பக்கவாட்டில் லேசாக ஆட்டிப் பாருங்கள். ஒரு துளி அசைந்தாலும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் பேரல் அதே இடத்துக்குத் திரும்பி வரலைன்னா உள்ளே எவ்வளவு நல்ல வரி இருந்தும் பிரயோஜனமில்லை. காலி துப்பாக்கி என்று உறுதி செய்துகொண்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியை வாய் விளிம்பில் சுற்றித் தேயுங்கள். பஞ்சு எங்காவது சிக்கினால் விளிம்பில் பிசிறு இருக்கிறது. குண்டு கடைசியாகத் தொடும் இடம் அதுதான். அங்கே பிசிறு இருந்தால் குறி விலகும்.

பிறகு பெல்லட். ஒரே 4.5 என்று சொன்னாலும் தலை அளவு 4.49, 4.50, 4.51 என்று தனித்தனியாக வருகிறது. ஒரு பேரலுக்குப் பிடித்தது அதே மாடல் இன்னொரு பேரலுக்குப் பிடிக்காது. முன்னணி வீரர்கள் துப்பாக்கியை இடுக்கியில் இறுக்கிவைத்து, வெவ்வேறு பெல்லட்டைச் சுட்டு, எது சின்ன ஓட்டை போடுகிறதோ அதைப் பெட்டி பெட்டியாக வாங்குவார்கள். நாமும் மூன்று வகையை வாங்கி, வகைக்குப் பத்து ஷாட் போட்டுப் பார்க்கலாம். புது பேரல் வாங்குவதைவிட இதற்கு ஆகும் செலவு ரொம்பக் கம்மி. தட்டைத்தலை பெல்லட்டாக வாங்குங்கள். தாளில் வட்டமாக, சுத்தமாக வெட்டும்.

அடுத்த கட்டமாக 0.22 ரைபிளுக்குப் போனால் அது முழுக்க லைசென்ஸ் உலகம். தனியாக ஒரு பேரல் வாங்குவதும் ஆயுதச் சட்டத்துக்குள் வரும். குழலை வெட்டிக் குறைக்கவும் தனி அனுமதி வேண்டும்.

அதெல்லாம் பிறகு. முதல் ரைபிளை வாங்கும் முன்னாடியே ஒரு கிளப்பில் கொஞ்ச நாள் சுட்டுப் பார்க்கலாம். 2021-ல் அஜித் வழிமாறி வேப்பேரி கமிஷனர் ஆபீஸுக்குப் போய்விட்டார் என்று ஒரு செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? அவர் தேடிப் போனது எழும்பூர் பழைய கமிஷனர் அலுவலக வளாகத்தில் இருக்கும் ரைபிள் கிளப்பை. வேளச்சேரி ஃபிளாட் ஹாலில் எப்படி அளந்தாலும் 10 மீட்டர் வராது. மொட்டை மாடியில் வரும்தான். ஆனால் குறி தப்பிய பெல்லட் சில நூறு மீட்டர் பறக்கும், பக்கத்து பில்டிங் இருப்பதோ இருபதடி தள்ளி.