நம் கையால் ஒரு உபுண்டு டிவிடி

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் 20 பழைய கணினிகள். இணையம் என்று சொல்லிக்கொள்ள ஒரு ஆசிரியரின் போன் மட்டும்தான். உபுண்டு 20.04 போட்டால் போதாது. தமிழ் எழுத்துரு, தமிழ்99 விசைப்பலகை, ஜிகாம்ப்ரி எல்லாம் வேண்டும். ஒவ்வொன்றாக 20 தடவை இறக்கினால் போன் டேட்டா என்ன ஆவது? எல்லாவற்றையும் உள்ளே வைத்து, நாமே ஒரு டிவிடி செய்துவிட்டால் என்ன என்று தோன்றியது.

நினைத்த அளவுக்குக் கஷ்டமில்லைங்க. டிவிடியில் கேஸ்பர் என்றொரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் ஃபைல்சிஸ்டம்.ஸ்குவாஷ்எஃப்எஸ் என்று ஒரு பெரிய கோப்பு. முழு இயங்குதளமும் சுருக்கப்பட்டு அதில்தான் இருக்கிறது. நிறுவி செய்வதெல்லாம் அதைப் பிரித்து வன்தட்டில் கொட்டுவதுதான். ஆக, அந்த ஒரு கோப்பை மாற்றினால் போதும்.

அன்ஸ்குவாஷ்எஃப்எஸ் கொண்டு அதைப் பிரிக்க வேண்டும். பிறகு க்ரூட் கட்டளையால் அந்த ஃபோல்டருக்குள் 'போய்' நின்றுகொண்டு, வழக்கம்போல ஆப்ட் மூலம் வேண்டியதை நிறுவலாம். டெஸ்க்டாப் அமைப்புகளை எங்கே வைப்பது? இன்னும் பயனரே உருவாகவில்லையே! அதற்குத்தான் ஈடிசி-க்குள் ஸ்கெல் ஃபோல்டர். அதில் வைப்பதெல்லாம் புதிதாக வரும் ஒவ்வொரு பயனரின் வீட்டுக்கும் நகலாகும்.

முடிந்ததும் எம்கேஸ்குவாஷ்எஃப்எஸ் கொண்டு திரும்பச் சுருக்கி, ஃபைல்சிஸ்டம்.சைஸ் கோப்பில் புது அளவை எழுதி, எம்டி5 பட்டியலைப் புதுப்பித்து, எக்ஸாரிசோ கொண்டு ஐஎஸ்ஓ ஆக்கினால் ஆச்சு. பயாஸ், யூஇஎஃப்ஐ இரண்டுக்கும் பூட் தகவல் சேர்க்க மறக்காதீங்க.

இனிதான் நான் மாட்டிக்கொண்ட இடம். வீட்டிலிருந்தபடியே பராமரிக்கலாமே என்று க்ரூட்டுக்குள் எஸ்எஸ்ஹெச் சர்வரையும் நிறுவியிருந்தேன். இரண்டாவது கணினிக்குள் நுழைந்தபோது பார்த்தால், முதல் கணினி காட்டிய அதே கைரேகை! எஸ்எஸ்ஹெச் நிறுவும்போதே 'நான்தான் இந்தக் கணினி' என்று நிரூபிக்கும் ரகசியச் சாவி உருவாகிவிடுகிறது. அதையும் சேர்த்து நான் டிவிடியில் அடைத்துவிட்டேன். 20 கணினிகளுக்கும் ஒரே சாவி. அதோடு டிவிடி யார் கையில் இருக்கிறதோ அவர் கையிலும் அந்தச் சாவி.

தீர்வு எளிது. சுருக்குவதற்கு முன் அந்த ஹோஸ்ட் கீ கோப்புகளை அழித்துவிட வேண்டும். முதல் பூட்டில் எஸ்எஸ்ஹெச்-கீஜென் -ஏ ஓடும்படி ஒரு சிறு சிஸ்டம்டி சர்வீஸ் வைக்க வேண்டும். மெஷின்-ஐடி கோப்பையும் காலியாக்கணும். கோப்பு இருக்கட்டும், உள்ளே எதுவும் வேண்டாம். முதல் பூட்டில் அதுவே நிரம்பிக்கொள்ளும்.

20 கணினிகளிலும் சாவியை மாற்ற ஒரு சனிக்கிழமை முழுசாகப் போயிற்று. டிவிடி செய்யும்போது எதைச் சேர்க்கலாம் என்றே யோசித்திருந்தேன். எதை எடுக்க வேண்டும் என்றும் யோசித்திருந்தால் அந்தச் சனிக்கிழமை மிச்சமாகியிருக்கும்.