கண்ணாடி மேல் நின்ற கண்

தளேகாவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவருக்குச் சாக்கன் பக்கம் வேலை. இவர் வீட்டிலிருந்தபடியே சில கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்த்துக் கொடுக்கிறார். ஐந்து நிமிடம் கையை எடுத்தால் வந்துவிடும் ஸ்கிரீன் சேவர், வயர்லெஸ் மவுஸ் வாங்கியதிலிருந்து வருவதே இல்லையாம். எப்போதாவது வந்தாலும், யாரும் தொடாமலே கலைந்துவிடுகிறது. அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் கடைக்காரர்களின் வரவு செலவு திரையில் அப்படியே விரிந்து கிடக்கிறது. மவுஸை மாற்றினார், புதியதும் அதையே செய்கிறது. இரண்டையும் தூக்கிப் போட்டுவிடட்டுமா என்று கேட்கிறார்.

வேண்டாம் சகோதரி. விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. புதுக் கண்ணாடி மேசையில் வயர் தொங்கினால் அழகாக இல்லை என்பதால்தான் வயர்லெஸ் வாங்கியதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். மவுஸும் மேசையும் ஒரே வாரத்தில் மாறியிருக்கின்றன. பழி மட்டும் மவுஸின் மேல் விழுந்திருக்கிறது.

டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் குழு 1964இல் செய்த முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி; அடியில் இரண்டு சக்கரங்கள். பிறகு ரப்பர் உருண்டை வந்தது. அந்த உருண்டையைக் கழற்றி, உள்ளே உருளைகளில் படிந்த அழுக்கை நகத்தால் சுரண்டி எடுத்த தலைமுறை நான். உருளை சுழன்றால் நகர்வு, சுழலாவிட்டால் அசையாது. அதற்குச் சந்தேகம் என்பதே கிடையாது.

இன்றைய மவுஸுக்கு அடியில் இருப்பது கண். விளக்கு சாய்வாக ஒளி வீச, மேசையின் சொரசொரப்பு குட்டி நிழல்களாக விழுகிறது. அந்த நிழல்களைச் சிறு கேமரா படமெடுத்துக்கொண்டே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 1999இல் வெளியிட்ட ஆப்டிகல் மவுஸ் நொடிக்கு 1,500 படங்கள் எடுத்தது. அந்தக் காலத்துச் சென்சார்களில் ஒரு படம் என்பது பக்கத்துக்கு 16 புள்ளிகள் கொண்ட சதுரம், அவ்வளவுதான். ஒரு முகத்தைக்கூட அதில் அடையாளம் காண முடியாது. ஆனால் முந்தைய படத்தையும் இந்தப் படத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளினால் பொருந்துகிறது என்று கணக்குப் போட அது போதும். தள்ளிய தூரம்தான் கர்சர் நகரும் தூரம். நாற்பது ஆண்டுகளாகக் கருவிகளைப் பற்றி எழுதுகிறேன். இந்த எளிமைக்கு ஈடாக நான் பார்த்தவை மிகக் குறைவு.

லோனாவாலா லோக்கலில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். நம் வண்டி நிற்கும்போது பக்கத்துத் தண்டவாளத்து வண்டி நகர்ந்தால், நாம்தான் புறப்பட்டுவிட்டோம் என்று உடம்பே நம்பிவிடும். பிளாட்பாரத்துத் தூணைப் பார்த்தால்தான் தெளியும். மவுஸுக்கு அந்தத் தூண் மேசைப்பரப்பின் சொரசொரப்பு. கண்ணாடியில் அது இல்லை. ஒளி ஊடுருவிப் போய்விடுகிறது, அல்லது பளிச்சென்று திரும்பி அடிக்கிறது. கிடைக்கும் மங்கல் படங்களில் இரைச்சலையே அசைவு என்று சென்சார் எடுத்துக்கொள்கிறது. கர்சர் ஒரு புள்ளி துடிக்கிறது. நம் கண்ணுக்கு அது படாது. கணினியோ ‘ஆள் இருக்கிறார்’ என்று ஓய்வுக் கடிகாரத்தைப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கிவிடுகிறது. ஐந்து நிமிடம் ஒருபோதும் நிறைவதில்லை.

இதே தளேகாவில் சுதேசி இயக்கக் காலத்தில், மக்களிடம் பைசா பைசாவாகத் திரட்டிய பணத்தில், திலகரின் ஆதரவோடு பைசா ஃபண்ட் கண்ணாடித் தொழிற்சாலை 1908இல் எழுந்தது. கண்ணாடியை உருக்கி ஊதக் கற்றுக்கொடுத்த ஊர் அது. அந்த ஊரிலிருந்து கண்ணாடியைப் பற்றி இப்படி ஒரு முறையீடு வந்ததில் எனக்குத் தனி ஈடுபாடு வந்துவிட்டது.

சோதனைக்குக் காசு செலவில்லை. மவுஸின் அடியில் உள்ள ஸ்விட்சை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். சேவர் வந்தால் காரணம் மவுஸ்தான். வராவிட்டால் மவுஸை விட்டுவிட்டு, பிரவுசரில் ஏதாவது வீடியோ ஓடுகிறதா என்று பாருங்கள். மவுஸ்தான் என்று தெரிந்தால், பழைய மாதக் காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப்போட்டு அதன்மேல் வையுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் அடியிலுள்ள துளையில் தலைமுடியோ தூசியோ சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள், பேட்டரியை மாற்றுங்கள். மேசை அதிர்ந்தாலும் இதே தொல்லை வரும். டிவைஸ் மேனேஜரில் ‘கணினியை எழுப்ப அனுமதி’ என்ற டிக்கை எடுத்துவிடச் சிலர் சொல்வார்கள். அது தூங்கிவிட்ட கணினிக்கான வைத்தியம். ஸ்கிரீன் சேவருக்குப் பயன்படாது.

பக்கத்து வீட்டு மவுஸின் சிக்னல் வந்து விழுகிறதோ என்றும் வாசகி அஞ்சுகிறார். 27 மெகாஹெர்ட்ஸ் காலத்தில் அந்த அச்சத்துக்கு இடமிருந்தது. 2002இல் நார்வேயின் ஸ்டவாங்கர் நகரில் ஒருவர் வயர்லெஸ் கீபோர்டில் தட்டியது வேறொரு கட்டடத்தில் இருந்த கணினியில் எழுத்தாக விழுந்தது. இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் மவுஸ் தன் ரிசீவரோடு மட்டும் பேசுமாறு இணைக்கப்பட்டது. அருகில் வைஃபையோ யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கோ இருந்தால் கர்சர் திக்கும், தாவும். அதற்கு ரிசீவரை ஒரு சிறு நீட்டிப்பு வயரில் தள்ளி வைத்தால் போதும்.

இந்தக் கண்ணின் பலவீனத்தை வேண்டுமென்றே பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். முள் ஓடும் கைக்கடிகாரத்தின் மேல் மவுஸை வைத்துவிட்டால் நொடிமுள் நகர நகரக் கர்சர் அசையும். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர் நாற்காலியில் இருப்பதாக அலுவலகம் நம்பும். ஆளை நம்பாமல் கர்சரை நம்பும் அலுவலகமும், அதை ஏமாற்றும் ஊழியரும் சேர்ந்து ஒரு நல்ல கருவியைக் கெடுக்கிறார்கள். எனக்கு இரண்டு தரப்பின் மேலும் வருத்தம்தான்.

ஸ்கிரீன் சேவர் அலங்காரத்துக்காகப் பிறந்ததல்ல. ஜான் சோச்சா என்பவர் 1983 டிசம்பரில் ஒரு கணினி இதழில் வெளியிட்ட சிறு நிரல், மூன்று நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரையைக் கறுப்பாக்கியது. பழைய குழாய்த் திரைகளில் ஒரே எழுத்து நெடுநேரம் நின்றால் உட்பூச்சில் தழும்பாகவே தங்கிவிடும். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு மானிட்டரை அணைத்த பிறகும் மெனு தெரிந்துகொண்டிருக்கும். இன்றைய எல்சிடி திரைக்கு அந்த ஆபத்து அநேகமாக இல்லை. ஆனால் சேவர் இன்று வாசல்தாழ். திரும்ப வரும்போது கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிட்டால், நாம் எழுந்து போன இடத்தை அது காக்கிறது. டாக்டரின் மேசையிலும் கூட்டுறவு வங்கிக் கவுன்ட்டரிலும் பிறருடைய நோயும் கடனும் திறந்தே கிடப்பதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. இந்தத் தாழ் விழாமல் போவதைச் சின்னத் தொல்லை என்று விட முடியாது.

நல்ல மவுஸ் எத்தனை குப்பைக்குப் போகிறது! மின்னணுக் கழிவை மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் சுமத்தும் புதிய விதிகள் 2023 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கின்றன. நாம் ஈரக் குப்பையோடு சேர்த்துப் போட்டதை எந்த விதியும் அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்காது.

சகோதரி, முதல் மவுஸை இன்னும் எறியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தாளை விரித்து அதை வைத்துப் பாருங்கள். எழுந்து போகும்போது விண்டோஸ் விசையையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். சேவருக்குக் காத்திராமல் திரை அப்போதே பூட்டிக்கொள்ளும்.